மாதர் சுய உதவிக் குழுக்கள்: பிழைப்பும் தவணையும்

காஞ்சீபுரம் ஜில்லா உத்தரமேரூர் தாலுகாவில் ஏரிப்பாசனமே பிரதானமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பினால் சம்பாவுக்குப் பின் நவரையும், கிணற்று நீர் துணை செய்யுமிடங்களில் சொர்ணவாரியும் நடைபெறும். மழை பொய்த்த வருஷத்தில் நிலக்காரர் ஒரு போகத்தை இழக்கிறார். நிலமில்லாத வீட்டுப் பெண்ணோ அப்போகத்தின் நடவுக் கூலி, களைக் கூலி, அறுப்புக் கூலி ஆகிய மூன்றையும் ஒருங்கே இழக்கிறாள். அறுப்பும் இக்காலத்தில் பெரும்பாலும் இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. கூலி நின்ற மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். நோய் நாள் பார்த்து வருவதில்லை. ஆகவே கடன் வாங்குதல் இவ்வீடுகளில் ஊதாரித்தனத்தால் நேர்வதன்று; வேலை நாட்களும் செலவு நாட்களும் ஒன்றோடொன்று பொருந்தாமையால் நேர்வது.

அக்கடன் கிடைக்கும் வழிகளைச் சற்று ஆராய்தல் நலம். தண்டல்காரரிடம் 10,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதினால் கையில் வருவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், வருஷத்திற்குக் கணக்கிட்டால் இவ்வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டியில் 10,000 ரூபாயைப் பத்து மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 5,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். நிலக்காரரிடம் பெறும் முன்பணத்துக்கு வட்டியில்லை என்பர். ஆயினும் நடவு மும்முரத்தில் பக்கத்து வயலில் கூலி அதிகமாயிருக்க, முன்பணம் வாங்கியவள் அங்கே செல்ல இயலாது. அக்கூலி வித்தியாசமே அதன் வட்டி என்று கொள்ளவேண்டும்.

இது இவ்வூர்ப் புறத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. வங்காள தேசத்தில் ஜோப்ரா என்னும் கிராமத்தில் 1976-ல் முகம்மது யூனுஸ் என்ற பொருளாதார ஆசிரியர், மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் மூங்கில் தந்த வியாபாரியிடமே, அவன் சொன்ன விலைக்கே, முக்காலியை விற்கக் கட்டுப்பட்டிருந்ததைக் கண்டார். 42 பேருக்கு அக்கட்டிலிருந்து விடுபட வேண்டியிருந்த தொகை மொத்தம் 27 டாலரே. அவர் கைப்பணமாகக் கொடுத்த அத்தொகையிலிருந்து வளர்ந்ததே 1983-ல் தனிப் பாங்கியாக ஏற்பட்ட கிராமீன் பாங்கி. பெரிய முதல் இல்லாமையைவிட, சிறு முதல் உரிய நாளில் கட்டின்றிக் கிடையாமையே ஏழைப் பெண்ணின் உழைப்பைப் பிறர் கைக்கு ஒப்புவிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஐக்கிய நாணய சங்கமும் மாதர் குழுவும்

சிறு பணத்தைச் சேர்த்துக் கூட்டாகக் கடன் கொடுக்கும் முறை இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் நடத்திய கிராம நாணய சங்கங்களை ஆராய்ந்து சர் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை அரசாங்கத்துக்கு 1895-லும் 1897-லும் அறிக்கைகள் கொடுத்தார். 1904-ல் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் பிறந்தவுடன் அவ்வருஷத்திலேயே காஞ்சீபுரத்தில் நகர நாணய சங்கமும், அந்நாளைச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராம நாணய சங்கமும் பதிவாயின. இந்தியாவிலேயே இவ்வகையில் முதன்மை பெற்றவை அவை.

எனினும் அச்சங்கங்களின் பயன் பெரும்பாலும் நிலமுடையாருக்கே சென்றது. ஈடு காட்ட நிலமும், ஜாமீன் நிற்க ஆளும் உள்ளவருக்கே கடன் கிடைத்தது. நாற்று நடும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. இக்குறையை நீக்கும் வழி தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கிற்று. சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு, 1983-ல் ஏற்பட்டிருந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுக் கழகம் அங்கே பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தது. பதிவு பெறாத குழுவாயினும் பாங்கிகள் அதன் பேரால் கணக்குத் திறந்து கடன் தரலாம் என்ற ஏற்பாட்டை 1992-ல் நபார்டு பாங்கி 500 குழுக்களைக் கொண்டு பரீட்சை செய்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசு இதை எல்லா ஜில்லாக்களுக்கும் படிப்படியாக விரித்தது. இப்பொழுது கிராமங்களில் காணப்படும் குழுக்கள் அவ்வழி வந்தவையே.

ஒரு குழுவில் 12 முதல் 20 பெண்கள் இருப்பர். வாரந்தோறும் கூடிச் சிறு தொகை சேமிப்பர். அச்சேமிப்பிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குவர். வட்டி எவ்வளவு என்பதையும் அவர்களே நிச்சயிப்பர். அவ்வட்டி வெளியே போகாமல் குழுவின் முதலோடு சேரும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தபின் பாங்கி தர மதிப்பீடு செய்து கடன் கொடுக்கும். குழுக் கடனுக்குப் பத்து லக்ஷம் ரூபாய் வரையில் பாங்கி ஈடு கேட்கலாகாது என்பதும், குழுவின் சேமிப்புப் பணத்தைக் கடனுக்காகப் பிடித்து வைக்கலாகாது என்பதும் ரிசர்வ் பாங்கியின் விதிகள். இவற்றை அறியாமல் சில குழுக்கள் வீண் அலைச்சல் படுவதுண்டு.

கணக்கைப் பற்றி

நடவடிக்கைக் குறிப்பு, வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், ஆளுக்கொரு பாஸ் புத்தகம் ஆகியவை குழுவுக்கு வேண்டும். எழுதத் தெரிந்த ஒருத்தி எழுதினால் போதாது. கூட்டம் முடியுமுன் அன்றைய வரவும் செலவும் கையிருப்பும் எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் தன் பேரில் நிற்கும் தொகை மனப்பாடமாய் இருக்கும். பிழை இருந்தால் அவளே முதலில் பிடிப்பாள். கெட்டுப்போன குழுக்களை விசாரித்தால், பணம் போனதற்கு வெகு முன்பே படிப்பது நின்றுபோயிருப்பது தெரியவரும்.

உத்தரமேரூர்க்காரருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டெனலாம். வைகுந்தப் பெருமாள் கோவில் மண்டபச் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ் பெற்றவை. ஓலை எடுத்த முறையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதில் சொல்லியுள்ள விலக்குகளைக் கவனிப்போர் சிலரே. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. மூன்று வருஷத்துக்குள் வாரியஞ் செய்தவர் பெயரையும் ஓலையில் எழுதலாகாது. இன்றைய குழுக்களின் ஊக்குநரும் பிரதிநிதிகளும் குறித்த காலத்தில் மாற வேண்டும் என்னும் விதிக்கும், கணக்குக் காட்டாதவரை நீக்கும் விதிக்கும் இதைவிடப் பழைய முன்மாதிரி தேட வேண்டியதில்லை. ஆனால் அச்சபையில் இடம் பெறக் கால்வேலிக்கு அதிகமான இறைநிலம் வேண்டியிருந்தது. நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. கணக்கு விதியை அக்கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு நில விதியை விட்டுவிட்டதே இக்குழுக்களின் சிறப்பு.

பிழைப்புக்கு ஏற்ற தவணை

பாங்கிக் கடன் வந்தபின் குழுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். கடன் எதற்கு என்று கேட்கப்படுகிறது. வரும்படி எப்பொழுது வரும் என்று கேட்கப்படுவதில்லை. ஆடும் மாடும் நாற்றும் வெவ்வேறு காலக் கணக்குடையவை. பாங்கித் தவணைக்கோ மாதம் ஒன்றே கணக்கு.

செம்மறியாட்டை எடுத்துக்கொள்ளலாம். சென்னைச் சிவப்பு என்னும் இனம் காஞ்சீபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களுக்கே உரியது, இவ்வூர்ப் பருவத்துக்குப் பழகியது, இறைச்சிக்கு மதிப்புள்ளது. சினைக்காலம் சுமார் 150 நாட்கள். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே. நல்ல சினையாடாகப் பார்த்து வாங்கினாலும், அது ஈன்று, குட்டி ஆறு மாதமாவது வளர்ந்து விற்பனைக்கு வர எட்டு ஒன்பது மாதமாகும். அதுவரை ஆட்டிலிருந்து ஒரு காசும் வராது. தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று தவணையைக் கூலியிலிருந்து கட்டுகிறாள். பிறகு தண்டலில் வாங்கிக் கட்டுகிறாள். ஐந்தாம் மாதம் தாயாட்டையே விற்றுவிடுகிறாள். "ஆடு வளர்ப்பு இவர்களுக்கு ஒத்துவராது" என்று ஊரார் சொல்லிவிடுவர். ஆட்டின் மேல் குற்றமில்லை. வளர்த்தவள் மேலும் குற்றமில்லை. தவணை ஆட்டின் வயிற்றைக் கணக்கில் கொள்ளவில்லை, அவ்வளவே.

பால்மாட்டின் கணக்கு வேறு. சங்கத்தில் பால் ஊற்றினால் பணம் விரைவில் கைக்கு வரும். ஆனால் ஈற்றுக்கு முன் இரண்டு மாதமாவது பால் வற்றவிட வேண்டும். சினை பிடிக்கத் தாமதமானால் வற்றுக்காலம் இன்னும் நீளும். பால் காலத்தில் தவணைக்கு மேலாகச் சிறிது கட்டிவைத்து வற்றுக்காலத்துக்கு ஈடு செய்துகொள்வதே முறை. மாடு வாங்கும்போது முதல் அல்லது இரண்டாம் ஈற்று மாடாகப் பார்க்க வேண்டும். குழுவினர் எல்லோரும் ஒரே சந்தையில் ஒரே நாளில் வாங்கினால் எல்லா மாடும் ஒரே காலத்தில் வற்றும் என்பதையும் மறக்கலாகாது.

இனி நாற்று. இயந்திர நடவு வந்தபின் நடவுப் பெண்களின் கூலி குறைந்தது உண்மை. ஆனால் நடவு இயந்திரத்துக்குப் பழைய நாற்றங்கால் நாற்று உதவாது. தட்டில் பாயாக வளர்த்த இளநாற்றே வேண்டும். ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டுக்கள் தேவைப்படும். சலித்த மண்ணில் நன்கு மக்கிய எருவைக் கலந்து தட்டில் நிரப்பி, ஊறவைத்து முளைகட்டிய விதையைத் தட்டுக்கு 100 முதல் 120 கிராம் வரை சீராகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். முதல் சில நாட்கள் வைக்கோலிட்டு மூடி, முளை நிமிர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். 15 முதல் 18 நாட்களில் நாற்று இயந்திரத்துக்கு ஆயத்தமாகிவிடும். பெரிய நிலம் வேண்டுவதில்லை. களத்தளவு இடமும் நல்ல தண்ணீரும் போதும். பூவாளி பிடிக்கவும் விதை சீராகத் தூவவும் வேண்டிய கைத்திறன் நடவுப் பெண்களிடம் ஏற்கெனவே உண்டு. மூன்று வாரத்தில் பணம் திரும்புவதால் மாதத் தவணைக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிராமத்தில் அரிது. ஆனால் இது நடவுப் பருவங்களில் மட்டும் உள்ள வரும்படி. ஏரியில் நீரில்லாத வருஷத்தில் நாற்றுக் கேட்பாரும் இரார்.

ஆகவே ஒரு குழுவினர் எல்லோரும் ஒரே தொழிலில் இறங்குவது ஆபத்து. 15 பேர் கொண்ட குழு ஒன்று 3 லக்ஷம் ரூபாய் பாங்கிக் கடனை ஆளுக்கு 20,000 ரூபாய் வீதம் பிரித்துக்கொண்டு 30 மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி நீங்கலாக மாதத் தவணை 10,000 ரூபாய். 15 பேரும் ஆடு வாங்கினால் முதல் ஒன்பது மாதத்துக்கு 90,000 ரூபாய் வேறு வழியில் வர வேண்டும். அது நடவாது. ஐவர் ஆடும், ஐவர் மாடும், ஐவர் நாற்றுத் தொழிலும் மேற்கொண்டால், ஆடு வாங்கிய ஐவரின் அசல் தவணை ஒன்பது மாதத்துக்கு 30,000 ரூபாயே. இக்குழுவினர் கடன் பெறுவதற்கு முன் ஒரு வருஷம் ஆளுக்கு வாரம் 50 ரூபாய் சேமித்திருந்தால் அவர்கள் கையில் 39,000 ரூபாய் இருக்கும். அச்சேமிப்பே அந்த ஒன்பது மாதத்துக்குப் பாலமாக நிற்கும். ஆடு வாங்கியவர்கள் அதுவரை வட்டியை மட்டும் கட்டிவந்து, குட்டி விற்றதும் அசலைச் சேர்த்துக் கட்டலாம். பாங்கி கடன் கொடுப்பது குழுவுக்கு. உறுப்பினருக்குத் தவணை வகுப்பது குழுவின் அதிகாரம். இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் குழுக்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தத்துக்குரியது. சேமிப்பு முந்தியும் கடன் பிந்தியும் வர வேண்டும் என்று வற்புறுத்தப்படுவதன் காரணமும் இக்கணக்கிலேயே விளங்கும்.

மழைக்கு முன் ஆடுகளுக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும், ஆட்டுக்கொல்லி நோய்க்குரிய தடுப்பூசியும் போட்டுக்கொள்ளாமல் கடனில் ஆடு வாங்குவது கூரையில்லா வீட்டில் நெல் சேமிப்பதற்கு ஒப்பாகும். ஆடு, மாடு, கோழி வளர்ப்பில் பயிற்சி வேண்டுவோருக்குக் காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையம் உதவும்.

குழுக் கடன் என்ற பெயரில் வரும் வேறு கடன்

தனியார் கம்பெனிகள் ஐந்து முதல் பத்துப் பெண்களைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பிணையாக்கிக் கடன் தருவதுண்டு. இதையும் ஜனங்கள் "குழு லோன்" என்றே அழைக்கின்றனர். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. அங்கே சேமிப்பு இல்லை. பொது முதல் இல்லை. வட்டி கிராமத்தை விட்டு வெளியே போகும். ஒருத்தி கட்டாவிடில் மற்றவர்களே அவள் வீட்டு வாசலில் நிற்க நேரும். ஆந்திர தேசத்தில் இத்தகைய வசூலின் கொடுமை முற்றியதால் 2010-ல் அவ்வரசு அவசரச் சட்டம் பிறப்பித்துக் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டிலும் கடன் வசூலில் பலவந்தத்தைத் தடுக்க 2025-ல் ஒரு சட்டம் செய்யப்பட்டது. வசூலுக்கு வருபவர் அவமானப்படுத்தினாலோ மிரட்டினாலோ சட்டம் துணை நிற்கும் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனித் தவணையைக் கட்ட மற்றொரு கம்பெனியில் வாங்கும் வழக்கம் ஒரு வீட்டில் புகுந்துவிட்டால், சுய உதவிக் குழுவின் கடன் அவ்வீட்டுக்கு உதவாது. அதுவும் அக்குழியிலேயே விழும். குழு முதலில் அவளுடைய எல்லாக் கடனையும் எழுதிப் பார்த்து, அதிக வட்டிக் கடனைத் தன் சேமிப்பிலிருந்து அடைத்துவிட்டு, பிறகே தொழிலைப் பற்றிப் பேச வேண்டும்.

நிலக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும்

குழுக்கள் வந்தபின் நடவுக்கு ஆள் வருவதில்லை என்று நிலக்காரர் சிலர் குறைப்படுகின்றனர். முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள் இப்பொழுது அவ்வாறு வருவதில்லை என்பதே அதன் உண்மை. கூலி ஓரளவு உயர்ந்ததும் உண்மையே. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் குழுவோடு ஏக்கர் கணக்கில் நடவு பேசிக்கொண்டால் குறித்த நாளில் குறித்த ஆள் வருவதை எதிர்பார்க்கலாம். வீடு வீடாகச் சென்று ஆள் கூப்பிடும் சிரமம் நீங்கும். நாற்று முதிர்ந்து விளைச்சல் குறையும் நஷ்டமும் நீங்கும்.

இதைக்காட்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தம்மிடம் வேலை செய்யும் பெண்ணின் பேரில் குழுக் கடன் எடுக்கச் செய்து, அப்பணத்தைத் தாம் வாங்கிப் பயிர்ச் செலவுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் கிராமங்களில் இல்லாததன்று. விளைந்தால் கொடுக்கிறார், விளையாவிடில் தவணை அவள் தலையில் விழுகிறது, அவளோடு மற்றப் பதினான்கு பேரின் நாணயமும் கெடுகிறது. நிலமுடையாருக்குப் பயிர்க்கடன் பெறத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நிலமில்லாதவளின் ஒரே வழியில் அவர் நிற்பது நியாயமன்று.

நிலக்காரர் தமக்கும் லாபமாகச் செய்யக்கூடியவை வேறு பல. கிணற்றோரம் 6 முதல் 10 சென்ட் நிலத்தைக் கம்பு நேப்பியர் தீவனப் புல் வளர்க்கக் குறைந்த குத்தகைக்கு விட்டால் ஒரு மாட்டுக்கு வருஷம் முழுதும் பசுந்தீவனம் கிடைக்கும். எரு நிலக்காரருக்கே என்று பேசிக்கொள்ளலாம். இயந்திர அறுப்புக்குப் பின் வயலில் கிடக்கும் வைக்கோலைக் கட்டுக் கட்டி மாசி மாதத்திலேயே குழுவுக்கு மொத்தமாக விற்றால் இருவருக்கும் அனுகூலம். ஊராட்சிக் குட்டையின் மீன் குத்தகை ஏலத்தை முன்கூட்டியே குழுக்களுக்கும் தெரியும்படி அறிவித்தல், வாரக் கூட்டத்துக்கு ஊராட்சிக் கட்டிடத்தில் ஓர் இடம் ஒதுக்குதல் ஆகியவை உத்தியோகஸ்தர்களால் செலவின்றிச் செய்யக்கூடியவை. கூட்டம் நடக்கும்போது உள்ளே போய் உட்காராமலிருப்பதும் ஓர் உதவியே. சர்க்கார் விழாவுக்கு ஆள் சேர்க்கக் குழுவைக் கூப்பிடும் வழக்கத்தைக் குறைத்துக்கொண்டால் நல்லது. அந்நாளில் ஒரு நாள் கூலி போகிறது என்பதை அழைப்பவர் நினைப்பதில்லை.

தட்டு நாற்று வேண்டும் நிலக்காரர், நடவு நாளுக்குக் குறைந்தது 20 நாட்களுக்கு முன் குழுவிடம் சொல்லி, பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து, விதை ரகத்தையும் தட்டுக்களின் எண்ணிக்கையையும் சிறு ஒப்பந்தமாக எழுதிக்கொள்வது அவசியம். நாற்று 18 நாளுக்கு மேல் தட்டில் நின்றால் வேர் பின்னிக்கொண்டு இயந்திரத்தில் ஒழுங்காக விழாது. ஆகையால் நடவை ஒத்திப்போட நேர்ந்தால் விதை தூவுவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். தூவியபின் ஒத்திப்போட்டால் மீதித் தொகையையும் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்படுதல் முறை.